எடுத்து வைத்திருந்த பிரேக்

2017 செப்டம்பர் 14

ரியோஜி அவர்களுக்கு,

அறுவடைக்கு முன் வரும் மழை இந்த வருடம் சீக்கிரமே தொடங்கிவிட்டது. ஆறு பழுப்பாக ஓடுகிறது. அங்கே நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பத்து மாதம் எழுதாமல் இருந்துவிட்டு இப்போது எழுதக் காரணம் ஒரு படிவம். வழக்கு முடிந்துவிட்டதால் போலீஸ் வண்டியைத் திருப்பித் தந்துவிட்டார்கள். எங்கள் பழைய வண்டி யார்டில், டயர் அடுக்கிய மூலையில், நீலத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறது. நசுக்குவதற்கு உரிமையாளரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். உரிமையாளர் நீங்கள்.

அம்மா தினமும் நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் "அது இன்னும் அங்கதான் நிக்குதா?" என்று கேட்கிறாள். வேறு எதுவும் கேட்பதில்லை. உங்கள் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை. சொல்லியே ஆக வேண்டும் என்றால் "உன் வீட்டுக்காரன்" என்பாள்.

முதலாளிக்கு வேறு யோசனை. "இஞ்சின்ல ஒரு கீறல்கூட இல்லம்மா. டர்போ, இன்டர்கூலர் எல்லாம் புதுசு மாதிரி இருக்கு. கழட்டி வெச்சா ஒரே வாரத்துல போயிடும்" என்றார். உங்களைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். அவர் சொல்வது உண்மைதான். முன்பக்கம் அவ்வளவு அடிபடவில்லை. இடது பக்கம்தான் இல்லை. தம்பி கோஹெய் உட்கார்ந்திருந்த பக்கம்.

டாஷ்போர்டு அறைக்குள், வண்டியில் மாற்ற வேண்டியவற்றின் நம் பட்டியல் இருந்தது. போலீஸ் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் திரும்ப வைத்திருக்கிறார்கள். கோஹெய்யின் கையெழுத்தில் பதினான்கு வரி. கடைசி வரி: முன் பிரேக், டிஸ்க்கும் காலிபரும், டர்போ வண்டியுடையது. அதன்மேல் ஒரு கோடு.

நீதிமன்றத்தில் அந்தக் கோட்டைக் காட்டிக் கேட்டபோது, பிரேக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தது நீங்கள்தான் என்று சொன்னீர்கள். நான் மூன்றாவது வரிசையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். கோடு பச்சை மையில் இருக்கிறது. பச்சைப் பேனா யாருடையது என்று உங்களுக்குத் தெரியும்.

படிவத்தை இணைத்திருக்கிறேன்.

சயோ


2017 செப்டம்பர் 30

சயோ,

பருவத்தைப் பற்றி ஒரு வரி எழுதித் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். எனக்கு அது வந்ததே இல்லை. இங்கே ஜன்னல் வேறு தலைக்கு மேலே இருக்கிறது.

உன் கடிதத்தின் ஓரத்தில் ஒரு சின்னச் செர்ரிப் பூ முத்திரை. இங்கே சிறையில் ஒருவர் படித்துவிட்டார் என்று அர்த்தம். என் கடிதத்திலும் இருக்கும். அதனால் இரண்டு பேருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

"நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். கல்யாணத்துக்கு முன்னால்கூட நீ எனக்கு இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

எனக்குத் தையல் வேலை போட்டிருக்கிறார்கள். பை தைக்கிறேன். கேஸ்கெட் வெட்டிய கை என்பதால் ஓரம் நேராக வருகிறது என்று மேற்பார்வையாளர் பாராட்டினார். முற்றத்தில் இறந்தவர்களுக்காக நட்ட ஒரு கல் இருக்கிறது. இங்கே இருக்கும் எல்லோருமே வண்டியால் யாரையாவது கொன்றவர்கள். மாதம் ஒருமுறை அந்தக் கல்லின் முன் வரிசையாக நின்று தலை குனிகிறோம்.

இஞ்சினை விற்க வேண்டாம். அந்த இஞ்சின் இன்னொரு மலையில் ஏறுவதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. அம்மா சொல்வதைச் செய். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் படிவத்தை இப்போது அனுப்பவில்லை. ஏன் என்று கேட்காதே.

மையின் நிறம் எனக்கு ஞாபகம் இல்லை. நீதிபதி கேட்டார், சொன்னேன். முடிந்துபோன விஷயம். உன் தம்பியின் விஷயத்தில் நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

ரியோஜி


2017 அக்டோபர் 20

ரியோஜி,

மழை நின்று, மலையில் யூசு பழங்கள் மஞ்சள் கட்டத் தொடங்கியிருக்கின்றன.

ஞாபகம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். நான் ஞாபகப்படுத்துகிறேன். படிக்கும் அதிகாரி மன்னிக்கட்டும், இது நீளமாக வரும்.

போன வருடம் ஜூன் மாதம். நம் சமையலறை மேசை. அந்த வெள்ளை வண்டி ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது என்று கோஹெய் புலம்பிக்கொண்டிருந்தான். "அண்ணே, நேத்து கணவாய்ல ஒரு ஆமை என்னை ஓவர்டேக் பண்ணுச்சு. போறப்ப ஹார்ன் வேற அடிச்சுட்டுப் போச்சு" என்றான். நீ சிரித்துவிட்டு, டர்போ போடலாமா என்றாய். உன் வாயிலிருந்து அந்தச் சொல் வரத்தான் அவன் மூன்று மாதமாக அந்த ஆமையை வளர்த்து வந்தான் என்பது உனக்கும் தெரியும்.

இருக்கிற இஞ்சினிலேயே டர்போவை மட்டும் மாட்டிவிடலாம் என்றான். நான்தான் கூடாது என்றேன். அந்தப் பிஸ்டன் ஏற்கெனவே காற்றை நெருக்கிப் பிழிகிறது. மேலே இன்னும் திணித்தால் உள்ளே தட்டும், ஒருநாள் உருகும் என்றேன். தலையில் பள்ளம் உள்ள பிஸ்டன் வேண்டும், அதற்கு டர்போ வண்டியின் இஞ்சினையே முழுதாக எடுத்துவிடு, வயரும் கம்ப்யூட்டரும் அதனோடு வரட்டும் என்றேன். அவன் எழுதினான். இஞ்சின். கம்ப்யூட்டர். பெரிய இன்ஜெக்டர். பெட்ரோல் பம்ப். கிளட்ச். கியர்பாக்ஸ். அப்புறம் டர்போவில் சண்டை வந்தது. அவனுக்குப் பெரியது வேண்டும். நீ சொன்னாய்: "பெரிய டர்போ போட்டா, நீ உச்சிக்குப் போய் டீ குடிச்சு முடிச்சப்புறம்தான் அது கண்ணு முழிக்கும். நம்ம மலைக்குச் சின்னதுதான்டா. மிதிச்சதும் எழுந்துக்கும்." அவன் உன்னைக் கிழவன் என்றான். ஆனாலும் எழுதிக்கொண்டான்.

பட்டியல் எப்போதும் இஞ்சினிலிருந்துதான் தொடங்கும், கவனித்திருக்கிறாயா? கவுண்டரில் வருகிற அத்தனை பேருடைய பட்டியலும் அப்படித்தான். பிரேக் கடைசியில்தான் வரும், பேப்பரில் இடம் இருந்தால். நம் பட்டியலில் அதைச் சொன்னதும் நான்தான். அதுவரை நான் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது.

ஜூலையில் பின்னால் அடிபட்ட ஒரு டர்போ வண்டி யார்டுக்கு வந்தது. எல்லாவற்றையும் நானே எடுத்தேன். பிரேக்கையும் எடுத்தேன். அந்த டிஸ்க் நம் பன்னிரண்டு அங்குல வீலுக்குள் நுழையாது, பதிமூன்று அங்குல வீல் கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று, எடுத்து வைக்கும் அலமாரியில் வைத்து, "கோஹெய்" என்று சீட்டுக் கட்டினேன். நாலு மாதம் அங்கே இருந்தது. வருகிறபோதெல்லாம் அவன் அதைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவான், பூனையைத் தட்டுவது போல.

நவம்பர் 17, வியாழக்கிழமை. கதாவோகா பெரியவர் வந்தார். மேலூரில் யூசுத் தோட்டம் வைத்திருப்பவர். அவருடைய வண்டியும் அதே ரகம்தான், டர்போ, மகன் விட்டுப்போனது. பிரேக் காலிபர் இறுகிவிட்டது. அடுத்த நாள் வண்டிக்குச் சோதனை. சோதனையில் தேறாவிட்டால் வண்டி ஓடக்கூடாது. அவர் மனைவிக்குச் சிறுநீரகம் போய்விட்டது, வாரத்தில் மூன்று நாள் கணவாய் இறங்கி ரத்தம் சுத்திகரிக்கப் போக வேண்டும். பெரியவர் கெஞ்சவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இல்லேன்னா பரவால்ல தாயி, பஸ்ஸு இருக்கான்னு பாக்கறேன்" என்றார். மேலூருக்குப் பேருந்து நின்று ஆறு வருடம் ஆகிறது. அது அவருக்கும் தெரியும்.

சீட்டை அவிழ்த்தேன். பிரேக்கைக் கொடுத்தேன். எடுத்து வைத்ததைக் கொடுத்துவிட்டால் பட்டியலில் அடித்துவிடுவது கவுண்டர் வழக்கம். அன்று பட்டியல் என்னிடம்தான் இருந்தது, வீல் வந்துவிட்டதைக் குறிப்பதற்காக. அடித்தேன், பச்சைப் பேனாவால். வேறொரு செட் திங்கட்கிழமை வரும் என்று அன்று மாலை உன்னிடம் சொன்னேன். "நல்ல காரியம் பண்ணே" என்றாய்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் வண்டியை எடுத்தீர்கள்.

இது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. சொல்லப்போகிறேன்.

சயோ


2017 நவம்பர் 8

சயோ,

சொல்லாதே.

ஒருநாள் முழுக்க யோசித்து, முதலில் இதை எழுதிவிட வேண்டும் என்று எழுதிவிட்டேன். மீதியை இப்போது எழுதுகிறேன்.

நடந்ததை நான் சொல்கிறேன். நீ கேட்டதில்லை, நானும் நீதிமன்றத்தில் சொன்னதற்கு மேல் யாருக்கும் சொன்னதில்லை. இஞ்சின் மாற்றி, அந்த ஞாயிறுக்கு முந்தைய வாரமே சோதனை முடிந்திருந்தது. உருளைமேல் நிறுத்தி, ஆறிய பிரேக்கை நாலு விநாடி மிதிக்கச் சொல்வார்கள். எந்தப் பிரேக்கும் நாலு விநாடி பிடிக்கும். பழைய பிரேக் தேறிவிட்டது, காகிதம் வந்துவிட்டது. காகிதத்தைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

ஏற்றத்தில் அந்த வண்டி எப்படிப் போனது தெரியுமா. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. கோஹெய் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான். உச்சியில் இறங்கிக் காப்பி டப்பா வாங்கிக் குடித்தோம். டர்போ முழித்த பிறகு குடிக்கிற டீ இதுதானா என்று கேட்டான். இறங்கும்போது நான் ஓட்டினேன். வேகம் இல்லை. அதை நீ நம்ப வேண்டும். ஆனால் ஏறுகிறபோது ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அழுத்தி மிதித்து விளையாடியிருந்தோம். அந்தச் சின்ன டிஸ்க் ஏற்கெனவே வெந்திருந்தது.

நாலாவது வளைவில் அவன் சொன்னான், "அண்ணே, ஏதோ கருகுற வாசனை வருது." நான், "புது இஞ்சின்டா. கேஸ்கெட் பசை வேகுது, எக்ஸாஸ்ட் பெயின்ட் வேகுது. ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

பன்னிரண்டு வருடம் மெக்கானிக்காக இருந்திருக்கிறேன். பெயின்ட் வேகிற வாசனையும் பிரேக் வேகிற வாசனையும் வேறு வேறு. குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் புதிதாக இஞ்சின் மாட்டியவனுக்கு எல்லா வாசனையும் இஞ்சினுடையதுதான். ஜிசோ சாமி சிலை இருக்கிற வளைவில் ஒதுங்க இடம் இருக்கிறது. அங்கே நிறுத்தியிருந்தால் போதும், அரை மணி நேரம். இரண்டு வளைவு தாண்டி பெடல் தரைவரை போனது.

ஆக, பிரேக் கொடுத்தது காரணம் இல்லை. நீ திங்கட்கிழமைவரை காத்திருக்கச் சொன்னாய். நான் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

அம்மாவுக்கு யாரையாவது வெறுக்க வேண்டும். நான் கடல் தாண்டி, பாலம் தாண்டி, ஐந்து மணி நேரத் தொலைவில் இருக்கிறேன். என்னை வெறுப்பது சுலபம். உன்னைச் சாப்பாட்டு மேசையில் எதிரே வைத்துக்கொண்டு எப்படி வெறுப்பாள்? அவளுக்கு இருக்கிற ஒரு பிள்ளையையும் நீ எடுத்துக்கொள்ளாதே.

ரியோஜி


2017 நவம்பர் 26

ரியோஜி,

இலைகள் உதிர்ந்துவிட்டன. திங்கட்கிழமை கோஹெய்க்கு ஒரு வருடம். கோயிலில் மூன்று பேர்தான். துறவி சீக்கிரம் முடித்துவிட்டார். ஜிசோ சிலையின் காலடியில் அம்மா வெள்ளைச் சாமந்தி வைத்தாள்.

வியாழக்கிழமை கதாவோகா பெரியவர் ஒரு பெட்டி யூசு கொண்டுவந்தார், நன்றி சொல்ல. கவுண்டருக்கு அல்ல, விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். எதற்கு நன்றி என்று அம்மா கேட்டாள். "போன வருசம் உங்க பொண்ணு ஒரு பெரிய உதவி பண்ணுச்சும்மா" என்றார். வண்டிச் சாமான் ஏதோ என்று நான் குறுக்கே புகுந்து சொல்லி அவரை அனுப்பினேன். அவர் போன பிறகு அம்மா பழங்களை முகர்ந்து பார்த்தாள். ஒரு வருடத்தில் முதல்முறையாக ஒரு பொருளை முகர்ந்து பார்த்தாள். "நல்ல மனுசன். இந்தக் காலத்துல ஒரு உதவிய யாரு ஞாபகம் வெச்சுக்கறாங்க" என்றாள். அன்று குளியல் தொட்டியில் வாசனைக்கு ஐந்து பழங்களை மிதக்கவிட்டு என்னையும் கூப்பிட்டாள். எனக்குக் காய்ச்சல் என்றேன்.

நீ எழுதியதில் ஒன்று தவறு. திங்கட்கிழமைவரை காத்திருக்க நான் சொல்லவில்லை. திங்கட்கிழமை வேறு செட் வரும் என்று மட்டும்தான் சொன்னேன். இரண்டும் ஒன்றல்ல. காத்திரு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணமும் எனக்குத் தெரியும். அந்த வண்டி ஏறுவதைப் பார்க்க எனக்கும் ஆசை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லாதிருந்தால் நானும் பின்சீட்டில் இருந்திருப்பேன். எனக்காக நீ இல்லாத ஒரு வாக்கியத்தைச் செய்திருக்கிறாய். அது வேண்டாம்.

போன வாரம் இரண்டு பையன்கள் ஒரு பட்டியலோடு வந்தார்கள். பச்சை நிறச் சின்ன வண்டி, அதே மாற்றம். இஞ்சினிலிருந்து தொடங்கி இன்டர்கூலரில் முடிந்தது. பிரேக் இல்லாமல் இஞ்சின் கிடையாது என்றேன். "அது அப்புறமா பாத்துக்கறோம் அக்கா" என்றான் ஒருவன். அப்படியானால் இஞ்சினையும் அப்புறமாகப் பார்த்துக்கொள் என்றேன். முதலாளி உள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இப்போது அந்தப் பையன்கள் வட்டாரத்தில் எனக்கு "பிரேக் அக்கா" என்று பெயர். கோஹெய் இருந்திருந்தால் இதை வைத்து ஒரு வருடம் ஓட்டியிருப்பான்.

சயோ


2018 ஜனவரி 21

சயோ,

உன் கடிதத்தைப் பல முறை படித்தேன். கோபமாக எழுதக்கூடாது என்று காத்திருந்தேன். காத்திருந்தும் பயனில்லை.

நீ சொல்லித்தான் தீர வேண்டும் என்றால், எனக்காக என்று சொல்லாதே. நான் கேட்கவில்லை. இங்கே எனக்கு ஒரு நாள்கூடக் குறையாது. உன் தோள் வலிக்கிறது, அதனால் இறக்கி வைக்கப் பார்க்கிறாய். இறக்கி வைத்தால் யார் தூக்குவது? அறுபத்திரண்டு வயதுப் பெண். குளியல் தொட்டியில் பழம் மிதக்கவிட இப்போதுதான் அவளுக்கு மனம் வந்திருக்கிறது என்று நீயே எழுதுகிறாய்.

உண்மை உனக்கு நல்லது செய்யலாம். நீ படிக்கிற புத்தகங்களில் அப்படித்தான் இருக்கும். பிரேக்கைக் கொடுத்தாயே, அதுவும் நல்லதுதான்.

கடைசி வரியை எழுதியிருக்கக்கூடாது. இங்கே பேனாதான் தருகிறார்கள், ஒரு தாளுக்கு மேல் மாற்றித் தர மாட்டார்கள். அடித்தால் அதிகாரி அடியில் என்ன என்று கேட்பார். மன்னித்துவிடு.

ரியோஜி


2018 ஏப்ரல் 29

ரியோஜி,

செர்ரி பூத்து முடிந்து, கொட்டியதும் சாக்கடையில் அடித்துக்கொண்டு போய்விட்டது.

கோபத்தில் நீ எழுதியது சரிதான். அதனால்தான் மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். உனக்காகவா, எனக்காகவா என்று யோசித்துப் பார்த்தேன். கடைசியில் இரண்டும் இல்லை. மார்ச் மாதம் அம்மா பெரியவருக்கு ஊறுகாய் போட்டு ஒரு ஜாடியில் கட்டி, கொண்டுபோய்க் கொடு என்றாள். நான் அந்த ஜாடியைக் கையில் வாங்கினேன். அதற்கு மேல் முடியவில்லை.

இந்த மாதம் முதல் ஞாயிறு, காலையில், அவள் மூங்கில் குருத்து உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். அலமாரி, சீட்டு, பெரியவரின் தொப்பி, பச்சைப் பேனா, நீ நீதிமன்றத்தில் சொன்னது, நான் காத்திரு என்று சொல்லாதது, எல்லாம். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகு இரண்டு குருத்து உரித்தாள். அப்புறம் கேட்டாள்:

"அந்தப் பெரியவரோட சம்சாரம் உசுரோட இருக்காங்களா?"

தெரியாது என்றேன். நவம்பரில் அவர் வந்தபோது நான் கேட்கவே இல்லை.

"தெரிஞ்சுக்கோ" என்றாள்.

குருத்தை வேக வைத்தாள். எனக்கும் பரிமாறினாள். இருவரும் சாப்பிட்டோம். ஒரு வாரம் எல்லாம் அப்படியே நடந்தது. மாலையில் வண்டியைப் பற்றிக் கேட்பது மட்டும் நின்றுவிட்டது. அப்புறம் ஒருநாள் வேலையிலிருந்து வந்தால் வாசலில் பெட்டி. மட்சுயாமாவில் சித்தி வீட்டுக்குப் போகிறாள். பேருந்து நிலையம்வரை நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே சொன்னாள்: "உன்மேல கோவம்னு நெனச்சுக்காத. நீ பண்ணது தப்புன்னு என்னால சொல்ல முடியல. உன் முகத்தப் பாத்தா எனக்கு அந்த அலமாரி தெரியுது. அவ்வளவுதான்." பேருந்து கிளம்பும்போது உன்னைப் பற்றியும் ஒன்று சொன்னாள். "அந்தப் பையனுக்கு எழுதினா, குளிருக்குப் போட்டுக்க ஏதாவது இருக்கான்னு கேளு." உன் வீட்டுக்காரன் என்று சொல்லவில்லை.

ஆக, நீ சொன்னபடியே நடந்தது. வெறுப்பு உன்னிடமிருந்து இறங்கிவிட்டது. என்மேல் ஏறவும் இல்லை. வீடுதான் காலியாகிவிட்டது.

பெரியவரின் தொலைபேசி எண் கவுண்டர் நோட்டில் இருக்கிறது. இன்னும் அழைக்கவில்லை. அந்த அம்மாள் போன ஜனவரியிலேயே இறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டால், நான் அம்மாவுக்கு என்ன எழுதுவேன்?

குளிருக்கு ஏதாவது இருக்கிறதா?

சயோ


2018 மே 20

சயோ,

இங்கே முற்றத்தில் வெயில் வரத் தொடங்கியிருக்கிறது. கல்லின் நிழல் காலையில் எங்கள் காலைத் தொடுகிறது. இது பருவத்தைப் பற்றிய வரி. எப்படி இருக்கிறது என்று சொல்.

இருக்கிறது என்று அம்மாவிடம் சொல். கம்பளி இரண்டு.

நீ காத்திரு என்று சொல்லவில்லை. சரி. இங்கே ஒரு பாடம் உண்டு. இறந்துபோனவருக்குக் கடிதம் எழுத வேண்டும், அனுப்புவதற்கு அல்ல. கோஹெய்க்கு எழுதுகிறபோதெல்லாம் "உன் அக்கா காத்திருக்கச் சொன்னாள், நாம்தான் கேட்கவில்லை" என்று எழுதி எழுதி, ஒருநாள் அது நிஜமாகவே காதில் கேட்டது. உன் குரலில்தான். அப்படி ஒரு வார்த்தை இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குள் யாரோ ஆசைப்பட்டிருக்கிறார்கள். உன்னைக் காப்பாற்ற என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கும் அது வேண்டியிருந்தது போல: யாராவது எங்களைத் தடுத்திருந்தார்கள் என்று.

போன வாரம் அந்தப் பாடத்தில் கடிதத்துக்குப் பதிலாக ஒரு பட்டியல் எழுதினேன். எந்த வண்டிக்கும் இல்லை. பிரேக், டர்போ வண்டியுடையது. பதிமூன்று அங்குல வீல். பிரேக் எண்ணெய், புதியது. அப்புறம் கியர்பாக்ஸ், கிளட்ச், கடைசியில் இஞ்சின். சின்ன டர்போ. ஆசிரியருக்கு ஒன்றும் புரியவில்லை. இறந்தவரோடு இதற்கு என்ன சம்பந்தம் என்று கேட்டார். இதுதான் சம்பந்தம் என்றேன்.

படிவத்தில் முத்திரை போட்டு இணைத்திருக்கிறேன். ஏன் இத்தனை நாள் வைத்திருந்தேன் என்றால், அந்த வண்டி இருக்கும்வரை நீ எனக்கு எழுதுவாய் என்று நினைத்தேன். அது போன பிறகும் எழுதுவாயா என்று கேட்கிற தைரியம் இப்போதுதான் வந்திருக்கிறது.

பெரியவரை அழைத்துக் கேட்டுவிடு. என்ன பதிலாக இருந்தாலும் அம்மா அதைக் கேட்டது உன்னிடம்தான்.

ரியோஜி


2018 நவம்பர் 23

ரியோஜி,

மேலூர் முழுக்க யூசு வாசனை. பறிக்கிற ஏணிகள் சாலைவரை வந்து நிற்கின்றன.

ஜூனில் வண்டி நசுங்கிப் போனதை எழுதியிருந்தேன். இஞ்சினோடுதான் போனது. அன்று மதியம் முதலாளி எனக்கும் சேர்த்து ஊதொன் நூடுல்ஸ் சொல்லியிருந்தார். கோஹெய்க்கு இரண்டு வருடம் முடிந்ததற்கு அம்மா வரவில்லை. பூவுக்கு மட்டும் சித்தி மூலம் சொல்லி அனுப்பினாள். நானே வைத்தேன்.

பெரியவரை நான் கடைசிவரை அழைக்கவில்லை. இன்று அவரே வந்தார். பெட்டியைக் கவுண்டர்மேல் வைத்தார். நான் கேட்க வாயெடுத்து, வேறு ஒன்றைக் கேட்டேன்.

"வண்டி நல்லா நிக்குதா?"

"நிக்குது தாயி. எறக்கத்துல சும்மா கால வெச்சாப் போதும்" என்றார். "வெளிய வா. உன்னப் பாக்கணுமின்னு ஒருத்தி ரெண்டு வருசமா பிடிவாதம் பிடிக்கிறா. இன்னிக்குத்தான் உடம்பு கொஞ்சம் தேவலாம்னு கூட்டிட்டு வந்தேன்."

அந்த அம்மாள் முன்சீட்டில், இடது பக்கம், மடியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். மிகச் சின்ன உருவம். கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறு மாதிரி எழும்பியிருந்தது. கண்ணாடியை இறக்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். கை சில்லென்று இருந்தது. என்னென்னவோ சொன்னார், பாதிதான் காதில் விழுந்தது. போகும்போது இதைச் சொன்னார்:

"வாரத்துல மூணு நாளு அந்தக் கணவாய்ல எறங்குறோம்மா. ஜிசோ வளைவு வந்தா இவர நிறுத்தச் சொல்லிக் கும்பிட்டுக்குவேன். அங்க யாரோ பூ வெச்சிருக்காங்க. சின்ன வயசுப் பையனாம், பாவம். பேருகூடத் தெரியாது."

வண்டி நிற்கிற இடம் அதுதான், ரியோஜி. நீ நிறுத்தாத அந்த இடத்தில், வாரத்தில் மூன்று நாள், அந்தப் பிரேக் நிற்கிறது.

பெயரைச் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொன்னால் அவர்கள் வீட்டுக்கும் ஓர் அலமாரி போய்விடும். சொல்லவில்லை. நீ ஜனவரியில் எழுதியது அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

அடுத்த செப்டம்பரில் நீ வரும்போது பேருந்து நிலையத்துக்கு நடந்தே வருகிறேன். வீடுவரை நடந்தே போகலாம். நாற்பது நிமிடம்தான்.

அம்மாவுக்கு அஞ்சலட்டை எழுத உட்கார்ந்தேன். ஜிசோவையும் பூவையும் பற்றி எழுதி இரண்டு அட்டையைக் கிழித்துப் போட்டேன். அதை எழுதினால் அவளுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது அட்டையில் அவள் கேட்டதற்கு மட்டும் பதில் எழுதி, இந்தக் கடிதத்துக்கு முன்பாகவே தபாலில் போட்டுவிட்டு வந்தேன். ஒரே சொல்தான்.

"இருக்காங்க."

சயோ